பூ விரியட்டும் என்று விளக்கை அணைத்தோம்

அன்று இரவு நான் தலையாட்டினேனா?

ஆட்டினாய் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும், அவர் என் அருகில் வந்து நின்றதே எனக்கு ஞாபகத்தில் இல்லை. என் இரண்டரை வயது மகளைப் பற்றி ஒருவர் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார், நான் சரி என்று பதில் சொல்லியிருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை என்றால், நான் எப்படிப்பட்ட அம்மா? முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் வீடு உழவர்கரைப் பக்கம் ஒரு நகரில். வீட்டில் நான், கணவர், மகள், மாமனார், மாமியார். மழைநீர் சேமிப்புக்கென்று கொல்லையில் ஒரு குழி வெட்டினார்கள். பிறகு மேஸ்திரி வந்து, இது சுவருக்கு ரொம்பப் பக்கம், வீட்டு அஸ்திவாரத்துக்கு ஆகாது என்று சொல்லி முன்பக்கம் வேறு குழி வெட்டச் சொன்னார். பழைய குழியை மூடுவதற்குள் என் கணவர் போனில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டார். கனமான கறுப்பு ஷீட் வாங்கி உள்ளே விரித்து, ஓரத்தில் செங்கல் அடுக்கி, தண்ணீர் நிரப்பிவிட்டார். ஆழம் எனக்குத் தொடை வரை. என் மகளுக்குத் தலை மட்டும்தான் வெளியே தெரியும். அதுவும் அவள் நேராக நின்றால்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "கொல்லைக்குப் போற வழியில கிரில் கதவு இருக்குது இல்ல? மேல ஒரு கொக்கி போட்டுட்டா முடிஞ்சுது. எல்லாத்துக்கும் பயந்தா எப்படி?" என்றார் கணவர். கொக்கியும் போட்டார். கதவைக் கடைசியாகத் தாண்டுகிறவர்தான் கொக்கி மாட்ட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். என்னைத் தவிர யாரும் ஒழுங்காக மாட்டியதில்லை.

சுற்றிலும் செடி வைக்கலாம் என்று சொன்னது நான்தான். அதை மறைக்கவில்லை. நான் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு வந்து சேர இருட்ட ஆரம்பித்துவிடும். பகலில் பூத்து நான் வருவதற்குள் சுருங்கிவிடும் பூவால் எனக்கு என்ன பயன்? அதனால் சாயங்காலத்துக்குப் பிறகு பூக்கும் செடிகளாகத் தேடினேன். தண்ணீருக்குள் தொட்டியோடு அல்லி. ஓரத்தில் அந்திமந்தாரை. மூலையில் நைட் குயின், அதற்குப் பக்கத்தில் பவளமல்லி. சுவரை ஒட்டி நித்தியமல்லிக் கொடி. ஒரு சின்ன இடத்துக்கு இது அதிகம்தான். ஆனால் பாத்திரம் தேய்த்துவிட்டு ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றால், அன்றைக்கு நடந்தது எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போய்விடும்.

அந்த இடத்தை என்னைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டவர் என் மாமனார். அவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் பிரஷர் வந்து பார்வை நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போகிறது. வெளிச்சம் இருந்தால் நேர் எதிரே இருப்பது தெரியும். இருட்டினால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் ஆனால் வீட்டுக்குள் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பார். செடிகள் பூக்க ஆரம்பித்ததும், குளத்தருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொன்னார். ஒவ்வொரு வாசனையையும் ஒரு வண்டி மாதிரி வரவேற்பார்.

"நித்தியமல்லி பஸ்டு டிரிப்பு வந்துச்சும்மா" என்பார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நைட் குயின் மணக்கத் தொடங்கியதும், "லாஸ்ட் பஸ்ஸு வந்துட்டான். ஏறுங்க, ஏறுங்க" என்று கத்துவார். என் மகள் ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொள்வாள். "டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டு அவள் உள்ளங்கையைக் கிள்ளுவார்.

இதையெல்லாம் ரசித்தேன். பயந்துகொண்டே ரசித்தேன்.

முதலில் பாம்பு. வாசனைக்குப் பாம்பு வரும் என்று தெருவில் சொல்லாத ஆளில்லை. நான் ராத்திரி விழித்திருந்து போனில் தேடிப் படித்தேன். பூவின் வாசனைக்குப் பாம்பு வராதாம். தவளைக்குத்தான் வருமாம். கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் நினைத்தேன்: குளம் இருந்தால் தவளை வராதா? அடுத்து கொசு. சுகாதாரத் துறையிலிருந்து வீடு வீடாக வந்து தொட்டி, பூச்சாடியெல்லாம் பார்க்கும் பெண்மணி, எங்கள் குளத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கப்பி மீன் விட்டுருக்கீங்க, பரவால்ல. ஆனா சுத்தமா வச்சுக்கங்க, சின்னக் கொழந்த வேற இருக்குது" என்று சொல்லிப் போனார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது இரண்டு நாள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

திண்டிவனம் சாலை நர்சரியில் தலைகீழாகத் தொங்கும் பெரிய மஞ்சள் பூச்செடி ஒன்றை, ராத்திரியில் பிரமாதமாக மணக்கும் என்று கொடுத்தார்கள். நட்ட பிறகு படித்துப் பார்த்தால் அது ஊமத்தை வகை, இலை முதல் விதை வரை விஷம். மறுநாள் விடிந்ததும் அதை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். செடியைத் தொடாத என் மகளின் கைகளையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். அந்திமந்தாரையின் விதைகூட அப்படியே மிளகு மாதிரி இருக்கும். அதையும் வாயில் போடக்கூடாதாம். தினமும் காலையில் வேலைக்குப் புடவை கட்டிக்கொண்ட பிறகு, குனிந்து அந்த விதைகளைப் பொறுக்கிவிட்டுத்தான் கிளம்புவேன். "செடிய வச்சது யாரு? அதுக்குக் காவல் காக்குறது யாரு?" என்று மாமியார் சிரிப்பார்.

இத்தனைக்கும் பயந்த நான், ஒரே இரவு விரிந்து விடிவதற்குள் வாடிவிடும் பிரம்ம கமலத்துக்குப் பயப்படவில்லை. அதில் விஷமில்லை, முள்ளில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் ஓர் இலையை வெட்டிக் கொடுத்தார். அவர்கள் இஸ்லாமியக் குடும்பம், டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். அவர் மாடியில் ஜாடி ஜாடியாகச் செடிகள் இருக்கும். "இத மண்ணுல குத்தி வை. எப்ப பூக்கும்னு கேக்காத. அதுக்கா தோணும்போது பூக்கும்" என்றார். என் மகள் அவரைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டு மழைக்காலம் சும்மா இருந்த செடி, திடீரென்று மொட்டு விட்டது. ஒன்றல்ல, கொத்தாக. குளத்தின் மேலே வளைந்து தொங்கின. மொட்டு தலை நிமிர்ந்து பருத்த அன்று, "இன்னிக்கு ராத்திரி விரிஞ்சிடும்" என்றார் அக்கா. மாமியார் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டார்.

எங்கள் தெருவில் பிரம்ம கமலம் பூத்தால் அது அந்த வீட்டு விஷயமாக மட்டும் இருக்காது. மஞ்சள் குங்குமத்தோடு வருவார்கள். கற்பூரம் காட்டுவார்கள். பூ விரியும்போது கண்ணை மூடி மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டால் நடக்கும் என்பார்கள். சாப்பாட்டு வேளை முடிந்து ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கணவருக்குத் தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிப்ட், வீட்டில் இல்லை. ஒவ்வொருவரும் கொல்லைக்குப் போனதும் நான் கிரில் கதவின் கொக்கியை மாட்டினேன். மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வூட்டுக்கு வர்றவங்க மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துறியே, இன்னா நெனைப்பாங்க?"

"பாப்பா குளத்துகிட்ட போயிடுவா அத்த."

"இத்தினி பேர் இருக்காங்க. எங்க போயிடுவா?"

கதவைத் திறந்தே விட்டேன்.

கொல்லை நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா பிரான்சில் இருக்கும் மகளுக்கு வீடியோ காலில் மொட்டைக் காட்டினார். "பேத்திய கூப்பிடு, பேத்திய கூப்பிடு. கண்ணு, தாத்தாவுக்கு பொன்சுவார் சொல்லு" என்று போனை என் மாமனார் பக்கம் திருப்பினார். மாமனார் போன் இருக்கும் திசை தெரியாமல் நைட் குயினைப் பார்த்து, "பொன்சுவார், பொன்சுவார்" என்று அந்தப் பிரெஞ்சு மாலை வணக்கத்தைத் திருப்பிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது என் மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது மட்டும் நிச்சயம் தெரியும்.

மொட்டின் நுனி லேசாகப் பிரிந்தது. எதிர்வீட்டு அம்மாதான் சொன்னார்: "லைட்ட அணைங்கம்மா. வெளிச்சம் மேல பட்டா அது கூச்சப்படும், பாதியிலயே நின்னுடும்."

"ஆமா ஆமா, எங்க வூட்டுல பூத்தப்பகூட அணைச்சுட்டுதான் பாத்தோம்" என்றது இன்னொரு குரல்.

மாமியார் போய் கொல்லை விளக்கை அணைத்தார். நான் வாயைத் திறந்தேன். கீழே தண்ணீர் இருக்கிறது, ஓரமாக நில்லுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் எல்லாரும் மௌனமாகிவிட்டார்கள். அந்த மௌனத்தில் என் குரல் மட்டும் கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லவில்லை.

யாரோ போனின் வெளிச்சத்தைக் கையால் மறைத்து, பூவுக்குப் பின்னால் பிடித்தார்கள். வெளி இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வளைந்தன. உள்ளே இருந்த வெள்ளை மெல்ல நடுங்கியபடி வெளியே வந்தது. வாசனை ஒரே அடியாக வந்து முகத்தில் மோதியது. "வேண்டிக்கங்க, வேண்டிக்கங்க" என்றார்கள். நானும் கண்ணை மூடினேன். என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் வேண்டினேன்.

கண்ணைத் திறந்தபோது என் புடவையை யாரும் பிடித்திருக்கவில்லை.

கீழே கையைவிட்டுத் துழாவினேன். வேறு யாருடைய முட்டியோ தட்டியது. "அத்த, பாப்பா எங்க?" என்றேன்.

"ஒங்கிட்டதான இருந்தா?"

"உங்ககிட்ட வரலையா?"

"நீதான கையில புடிச்சினு நின்ன?"

குளத்தைப் பார்த்தேன். போன் வெளிச்சம் பட்ட இடத்தில் ஓர் அல்லி இலை ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. இலை மட்டும் ஆடியது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. தண்ணீரில் குதித்துவிட்டேன். செங்கல் ஒன்று காலோடு வந்து உள்ளே விழுந்தது. முகம் தண்ணீரில் படும்படி குனிந்து இரண்டு கைகளாலும் அடியைத் துழாவினேன். சேறு, வேர், வழவழப்பான தண்டுகள். கற்பூரத் தட்டு எங்கேயோ விழுந்து உருண்டது. பின்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், கத்தினார்கள். மாமனாரின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "சத்தம் கேக்கலம்மா. தண்ணில எதுவும் விழல. நான் இங்கதான் ஒக்காந்துருக்கேன், விழுந்தா எனக்குக் கேட்டுருக்கும்." எனக்கு அது காதில் விழுந்தது. நம்ப முடியவில்லை.

அப்போது என் கையில் துணி சிக்கியது.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஈரத் துணி, அதற்குள் கனமாக ஏதோ. பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். அல்லித் தொட்டியின் மண் கரையாமல் இருக்க, நானே என் பழைய சுடிதாரைக் கிழித்துச் சுற்றிக் கட்டிய துணி அது. யாரோ விளக்கைப் போட்டபோது, நான் அந்தத் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

கிரில் கதவருகே பக்கத்து வீட்டு அக்கா நின்றார். இடுப்பில் என் மகள். கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"ஏம்மா, தண்ணில இன்னா பண்ற?" என்றார் அக்கா.

மாமியார்தான் கத்தினார். "கொழந்தைய எங்க எடுத்துனு போன? எங்க எல்லாருக்கும் உசுரு போயி உசுரு வந்துது!"

"யா அல்லா! சொல்லிட்டுதான போனேன்? கொசு கடிக்குதுன்னு சிணுங்கினு இருந்தா. வூட்டுக்குத் தூக்கினு போயி எண்ணெ தடவி இட்டுனு வரேன்னு இவகிட்டதான் கேட்டேன். தலைய ஆட்டுனா." என்னைப் பார்த்தார். "ஆட்டுன இல்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுபடியும் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

"பூவ வுட்டுட்டு எல்லாரும் இவள வீடியோ எடுத்துருக்கலாம்" என்று யாரோ சொல்ல, பயம் விட்ட சிரிப்பு ஒன்று கொல்லை முழுக்கப் பரவியது. என் மகளும் சிரித்தாள். பிஸ்கட் கையோடு கைதட்டினாள். "அம்மா குளி! அம்மா குளத்துல குளி! நானும்!" என்று அக்காவின் இடுப்பிலிருந்து என்னை நோக்கித் தாவினாள்.

அந்தத் தாவலில்தான் என் உண்மையான பயம் தொடங்கியது.

அதுவரை அவளுக்குக் குளம் என்பது தாத்தா உட்காரும் இடம், மீன் இருக்கும் இடம். செங்கல்லைத் தாண்டி அவள் கால் வைத்ததே இல்லை. இப்போது அது அம்மா இறங்கிக் குளிக்கும் இடம். நான்தான் அதைக் காட்டிக்கொடுத்தேன். மறுநாளிலிருந்து பொம்மையை வாளியில் போட்டு, "பாப்பா குளத்துல குளி" என்று அழுத்துகிறாள். பொம்மையின் முகம் தண்ணீருக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலை, பால் பொங்கி வரும் நேரம், கூடத்தில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், சமையலறை ஸ்டூலைக் கிரில் கதவு வரை இழுத்து வந்து அதன் மேல் ஏறி நின்றிருந்தாள். விரல் நுனி கொக்கியைத் தொட்டுவிட்டது. "நானே தொறக்குறேன்மா" என்றாள், என்னைப் பார்த்துப் பெருமையாக.

கொக்கியை இன்னும் மேலே மாற்றிவிட்டார் கணவர். ஸ்டூலைப் பரணில் போட்டுவிட்டோம். ஆனால் வீட்டில் நாற்காலி இருக்கிறது, வாளி இருக்கிறது, அவள் நாளுக்கு நாள் வளர்கிறாள். பள்ளி அலுவலகத்தில் கட்டண ரசீது போடும்போது திடீரென்று கை நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போன் செய்து, "கதவு சாத்தியிருக்கா அத்த?" என்று கேட்கிறேன். "இப்பதான கேட்ட?" என்கிறார்.

மாமியார் சொல்வது: "ஒரு லோடு மண்ணு அடிச்சு மூடு. கத முடிஞ்சுது." கணவர் சொல்வது: "மூட வேணாம். கம்பி வலை போட்டுடலாம்." வலையும் வாங்கி வந்து, ஓரத்தில் ஆணி அடித்து இழுத்துக் கட்டினார். அல்லி இலைகள் அதன் அடியில் முட்டிக்கொண்டு மடிந்தன. நான் நடுவில் கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். வலை தண்ணீர் வரை தொங்கியது. அதன் மேல் நிற்கலாம் என்று குழந்தைக்குத் தோன்றாதா? ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட இது ஆபத்தோ? அவரிடம் சொன்னேன். "நீ எதுலதான் திருப்திப்படுவ?" என்றார். கோபத்தில் இல்லை, களைப்பில்.

மாமனார் எந்தப் பக்கமும் பேசவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் கொல்லைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சாயங்காலமானால் முன்னறையில் டிவிக்கு எதிரே உட்காருகிறார். ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் மாமா, பின்னால வந்து ஒக்காரலியா?"

"இல்லம்மா. நியூஸ் கேக்கறேன்."

டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் நகராமல் நின்றேன்.

"மூடிடும்மா" என்றார். "எனக்கோசரம் பாக்காத. பூ வாசன எங்க, தெருவுலகூட வருது. நான் பக்கத்துலயே ஒக்காந்துருந்தேன். கொழந்த இருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல. காத வச்சுதான் சொன்னேன். அத நீ நம்பல. நம்பக் கூடாதுதான். கண்ணு இல்லாதவன் பேச்ச யாரு நம்புவா?"

அப்படி இல்லை மாமா என்று சொன்னேன். அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது சரிதான். நான் நம்பாததும் சரிதான் என்றுதான் இன்றும் தோன்றுகிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்?

அல்லி இன்னும் பூக்கிறது. வலையை ஓரிடத்தில் வெட்டி வழி விட்டிருக்கிறோம். நைட் குயின் மணக்கும் நேரத்தில் முன்னறையில் அவர் ஒரு முறை ஆழமாக மூச்சிழுப்பது எனக்குத் தெரிகிறது. என் மகள், "லாஸ்ட் பஸ் தாத்தா" என்று அவர் கையை இழுக்கிறாள். அவர் எழுந்திருப்பதில்லை. பஸ் இன்னிக்கு ஸ்ட்ரைக் என்கிறார்.

இதைப் படிப்பவர்களில் வீட்டில் தொட்டியோ கிணறோ குளமோ வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். குழந்தை ஏறி நின்றாலும் தாங்கக்கூடிய, ஆனால் அல்லி மேலே வர இடம்விடும் மூடி எதையாவது நீங்கள் செய்து பார்த்திருக்கிறீர்களா? இல்லை, இதெல்லாம் வீண், மண்ணைக் கொட்டி மூடுவதுதான் வழி என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். தண்ணீருக்குள் பூச்சாண்டி இருக்கிறான் என்று என் மாமியார் அவளுக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். அப்படிப் பயமுறுத்தி வைப்பதா, இல்லை நானே அவள் கையைப் பிடித்து ஒரு நாள் பகல் வெளிச்சத்தில் அந்தத் தண்ணீரில் இறக்கி, கழுத்து வரை வந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதா? காட்டினால் பயம் வருமா, ஆசை வருமா? உங்கள் பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.